நிற்க இடமில்லாத தோட்டா

கோமளா: ...வாசல்லயே நின்னு பேசிட்டு ஓடுறதா இருந்தா எதுக்கு வந்தீங்க? உள்ள வாங்க தம்பி. பவானி! யாரு வந்திருக்கா பாரு. பல்லு தம்பி!

கவிநேசன்: ஆன்ட்டி, எனக்கு கவிநேசன்னு ஒரு பேரு இருக்கு.

கோமளா: இருக்கட்டுமே. என் வாய்க்கு செட்டுப் பல்லு செஞ்சு குடுத்தவரு நீங்க. பேரு மறந்தாலும் பல்லு மறக்குமா? பவானி!

பவானி: வந்துட்டேன்மா... ஓ. கவியா.

கவிநேசன்: ஓ கவியாவா? அவ்வளவுதானா? மூணு நாளா மெசேஜ் அனுப்புறேன். படிச்சதா மட்டும் காட்டுது, பதிலக் காணோம்.

பவானி: ஃபேக்டரில ஆடிட் லா. க்யூசி ஆளுங்க எல்லாருக்கும் ஓவர்டைம். டுரியான் துங்கால்லேர்ந்து வீடு வந்து சேரவே...

கோமளா: எந்த ஆடிட்டு? நேத்துலேர்ந்து லீவு போட்டுட்டு உக்காந்திருக்கா. போனையே பாத்துக்கிட்டு. அடிச்சா பதறுறா. அடிக்கலன்னா ஏன் அடிக்கலன்னு என்னையக் கேக்குறா.

பவானி: அம்மா!

கோமளா: பொய்யா சொல்றேன்?

கவிநேசன்: யாரு போனுக்குக் காத்திருக்க?

பவானி: தம்புசாமி அங்கிள். நேத்து சாயந்தரம் ஷூட்டிங் கிளப்ல கமிட்டி கூடுச்சுல்ல... முடிவ இன்னிக்கு சொல்றேன்னாரு. ஒனக்கு எதாவது தெரியுமா?

கவிநேசன்: மொதல்ல இத வாங்கு. கை சுடுது. செர்காம்லேர்ந்து நேரா இங்கதான் வர்றேன். ஈக்கான் பாக்கார். வாழ இலையில வச்சு சுட்டது.

கோமளா: மீனா தம்பி? இன்னிக்கு செவ்வாக்கெழம.

கவிநேசன்: அலாமாக்... மறந்தே போச்சு ஆன்ட்டி.

கோமளா: வெள்ளியும் செவ்வாயும் இந்த வீட்டுல கவுச்சி இல்ல. பரவால்ல, குடுங்க. ஃப்ரிட்ஜ்ல வச்சு நாளைக்கு சாப்பிடுறோம். என்ன விசேஷம்? இவ்ளோ பெரிய பொட்டலமா?

பவானி: ஒண்ணும் இல்லம்மா. சும்மா இந்தப் பக்கம் வந்திருப்பாரு.

கவிநேசன்: செர்காம்லேர்ந்து பாயா ரும்புட்டுக்கு சும்மா வர ஆளா நான்? ஆன்ட்டி... ஒங்க மக ஒங்ககிட்ட எதுவும் சொல்லலயா?

கோமளா: எதுவும்னா? இருங்க, இருங்க. நீங்களே நேர்ல வந்து கேக்குறதுன்னா எனக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்ல தம்பி. ஆனா பெரியவங்க யாரையாவது கூட்டிட்டு வந்திருக்கலாம்...

பவானி: ஐயோ அம்மா! அது இல்ல!

கவிநேசன்: அது இல்ல ஆன்ட்டி! அது... அது வேற. நான் நன்றி சொல்ல வந்தேன்.

கோமளா: நன்றியா? எதுக்கு?

கவிநேசன்: இந்தக் கைக்கு.

பவானி: கவி, வேணாம். அம்மாவுக்கு ப்ரஷர் இருக்கு.

கோமளா: ப்ரஷர் மாத்திர காலையிலயே போட்டாச்சு. நீங்க சொல்லுங்க தம்பி.

கவிநேசன்: சனிக்கெழம கிளப்ல பிராக்டிஸ். நான் பிஸ்டல்ல சுட்டுட்டிருந்தேன். ஒங்க மக எனக்குப் பின்னாடி நின்னுட்டிருந்தா. எல்லாக் குண்டும் டமார் டமார்னு போகுது. ஒண்ணு மட்டும் 'பொட்'டுனு ஒரு சத்தம். சோடா போத்தல் மூடி தொறந்த மாதிரி.

கோமளா: அப்புறம்?

கவிநேசன்: வெடிக்கலபோலன்னு நெனச்சேன். பழக்க தோஷத்துல இழுத்து விட்டு அடுத்த குண்ட ஏத்திட்டேன். வெரலு ட்ரிக்கர்ல... பின்னாடியிலேர்ந்து ஒரே கத்து. 'கவி, நிறுத்து! கைய எடு!'ன்னு. தமிழ்ல! சுடுற ரேஞ்சுல இங்கிலீஷ்லதான் கத்தணும். இவ தமிழ்ல கத்துறா.

பவானி: பதட்டத்துல வேற எது வரும்?

கவிநேசன்: எறக்கிட்டேன். கழட்டிப் பாத்தா... மொதக் குண்டு குழலுக்கு உள்ளயே சிக்கி நிக்குது ஆன்ட்டி. வெளிய போகவே இல்ல.

கோமளா: உள்ளயே நின்னா என்ன?

கவிநேசன்: நான் ரெண்டாவதையும் சுட்டிருந்தா, அது போக வழி ஏது? என் கையிலயே வெடிச்சிருக்கும்.

கோமளா: மாரியாத்தா...

கவிநேசன்: நான் பல்லு செய்யுறவன். மெழுகுல கோடு போடுற வேல. வெரலு ரெண்டு போனா, எங்க போயி நிப்பேன்? சனிக்கெழம ராத்திரி தூக்கமே இல்ல. கைய மார்மேல வச்சுட்டுப் படுத்திருந்தேன்.

பவானி: போதும் கவி.

கவிநேசன்: போதாது. ரொம்ப நன்றி பவானி. நேர்ல சொல்லணும்னு வந்தேன்.

கோமளா: ஏன்டி, அவரு இவ்ளோ சொல்றாரு, நீ தரையப் பாத்துட்டு நிக்கிற? 'பரவால்ல'ன்னாவது சொல்லேன்.

பவானி: சொல்ல மாட்டேன்.

கோமளா: திமிரப் பாருங்க தம்பி! அது சரி, அந்தக் குண்டு ஏன் அப்படிப் பண்ணுச்சு?

கவிநேசன்: உள்ள வெடிமருந்து இல்ல ஆன்ட்டி. அடியில தீக்குச்சி மருந்து மாதிரி கொஞ்சம் இருக்கும். அது மட்டும் பத்திக்கிட்டு குண்ட பாதி வழிக்குத் தள்ளிட்டு விட்டுருச்சு.

கோமளா: மருந்து போடாமயா கடையில வித்தான்?

கவிநேசன்: கடையில வாங்குனது இல்ல. அது... கிளப்லயே செய்யுறது.

கோமளா: செய்யுறதா! குண்டையா? யாரு அந்த வெளங்காதவன்? ஒரு பொறுப்பு வேணாம்? வடைக்கு உப்பு போட மறக்குற மாதிரியா மறப்பான்? அவன் கையி...

கவிநேசன்: ஆன்ட்டி, திட்டாதீங்க.

கோமளா: திட்டாம? ஒரு புள்ளையோட பொழப்பையே கெடுக்கப் பாத்திருக்கான். அவன் வெளங்குவானா? அவன் வீட்டுல பெத்தவங்க இருக்காங்களா இல்லையா? என்னத்தச் சொல்லி வளத்தாங்களோ!

பவானி: அம்மா... போதும்மா.

கோமளா: நீ ஏன் அவனுக்குப் பரிஞ்சு பேசுற?

கவிநேசன்: தப்பு எல்லாருக்கும் வரும் ஆன்ட்டி. வேணும்னு செய்யல. அது ரொம்பப் பொறுமையான வேல. சுட்டதும் கீழ விழுற பித்தளக் கூட்டப் பொறுக்கணும். கழுவணும். புளித்தண்ணில ஊற வச்சா புதுசாட்டம் மின்னும். அப்புறம்...

கோமளா: என்னது? எதுல?

கவிநேசன்: புளி... தண்ணில...

பவானி: கவி!

கோமளா: நாலு பாக்கெட்டு. ஒரே மாசத்துல நாலு பாக்கெட்டுப் புளி! ரசம் வச்சேனா, இல்ல. கொழம்பு வச்சேனா, அதுவும் இல்ல. எலிதான் தூக்கிட்டுப் போகுதுன்னு பொறி வாங்கி வச்சேன்டி! பவானேஸ்வரி. நீயா குண்டு செய்யுற?

பவானி: வீட்டுல இல்லம்மா. கிளப் ஸ்டோர்ல மட்டுந்தான். கிளப்புக்குப் போலீஸ் பெர்மிட் இருக்கு, எனக்கும் கிளப்ல எழுதிக் குடுத்திருக்காங்க. வீட்டுல வச்சுத் தொட்டா உள்ள தூக்கிப் போட்டுருவாங்க. அதெல்லாம் எனக்குத் தெரியாதா?

கோமளா: அப்போ... அந்தக் குண்டு...

கவிநேசன்: தம்புசாமி அங்கிளும் செய்வாரு ஆன்ட்டி! ரெண்டு பேரு செய்யுறாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிப் பொட்டிதான்.

கோமளா: ஓ... நான் போயி தேத்தண்ணி போடுறேன். தம்பிக்கு இஞ்சி போடலாமா?

கவிநேசன்: போடுங்க ஆன்ட்டி.

பவானி: கதவ லேசா சாத்திட்டுப் போம்மா.

கோமளா: சாத்துறேன், சாத்துறேன்.

பவானி: ...ஏன் அப்படிச் சொன்ன?

கவிநேசன்: எப்படி?

பவானி: அங்கிள் பேர ஏன் இழுத்த?

கவிநேசன்: இழுக்கல. அவரும் செய்வாருன்னு சொன்னேன். உண்மதானே?

பவானி: கவி, ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நடுவுல பேசாத. பேசுனா எனக்கு வராது.

கவிநேசன்: சரி.

பவானி: மூணு மாசம் வெறும் கூட்ட வச்சுப் பழகுனேன். மருந்தே இல்லாம. குண்டு அமுக்குற மெஷின் லீவர ஏத்தி எறக்கி, ஏத்தி எறக்கி... கையில இங்க பாரு, காப்பு காச்சிருக்கு. போன புதன்கெழமதான் மொதத் தடவ நெசமா செஞ்சேன்.

கவிநேசன்: ம்ம்.

பவானி: ம்ம் கூட வேணாம்.

கவிநேசன்: ...

பவானி: ஒரு மரக்கட்ட இருக்கும். அதுல ஐம்பது ஓட்ட. ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒரு கூட்ட நிறுத்தணும். ஒண்ணொண்ணாத் தராசுல நிறுத்து மருந்து ஊத்தணும். ஊத்தி முடிச்சதும் டார்ச் அடிச்சு எல்லாத்தையும் எட்டிப் பாக்கணும். ஐம்பது சின்னக் கெணறு மாதிரி இருக்கும் கவி. எல்லாத்துலயும் தண்ணி ஒரே மட்டத்துல. எனக்கு அத மூட மனசே வரல. பாத்துட்டே இருந்தேன். ரெண்டு தடவ பாத்தேன். மூணு தடவ பாத்தேன். அப்புறந்தான் புக்குல டிக் போட்டேன்.

கவிநேசன்: ...

பவானி: மொதப் பொட்டி ஒனக்குன்னு முடிவு பண்ணியிருந்தேன். அடுத்த மாசம் ஒனக்கு மொதப் போட்டி. பொட்டிய மூடப் போறப்ப... ஐம்பதுன்னு சைபர்ல முடியுதேன்னு தோணுச்சு. எங்கம்மா மொய் வச்சாலும் சரி, தேங்கா குடுத்தாலும் சரி, ஒண்ணு கூட வச்சுத்தான் குடுப்பாங்க. நல்ல காரியத்துக்குச் சைபர்ல முடிக்கக் கூடாதுன்னு. அதனால இன்னொண்ணு செஞ்சேன்.

கவிநேசன்: ...

பவானி: கட்டையில ஐம்பது ஓட்டதான் கவி. அதுக்கு நிக்க எடம் இல்ல. கையிலயே வச்சிருந்தேன். டார்ச் பாத்தாச்சு, டிக் போட்டாச்சு, வேல முடிஞ்சுதுன்னு மண்டையில பதிஞ்சு போச்சு. மருந்து ஊத்தாமலே குண்ட வச்சு அமுக்கிட்டேன். டிஷ்யூல சுத்தி ஓரத்துல சொருகிட்டேன். சந்தோஷமா. ஒரு பாட்டு வேற பாடிக்கிட்டு...

கவிநேசன்: ...

பவானி: இப்போ பேசலாம்.

கவிநேசன்: தெரியும்.

பவானி: என்ன தெரியும்?

கவிநேசன்: கடைசி மேகசின் ரொப்புறப்ப, டிஷ்யூல இருந்தத எல்லாத்துக்கும் மேல வச்சேன். அதான் மொதல்ல போகும். நீ தனியா சுத்திக் குடுத்திருக்கியே, ராசியான குண்டுன்னு. 'பொட்'டுனு போனது அதுதான். சனிக்கெழமயே தெரியும் எனக்கு.

பவானி: தெரிஞ்சுமா மீனு வாங்கிட்டு வந்த?

கவிநேசன்: தெரிஞ்சுதான் வாங்கிட்டு வந்தேன். செவ்வாக்கெழமங்கிறதுதான் தெரியல.

பவானி: சிரிக்காத. எனக்கு அழுக வருது.

கவிநேசன்: சிரிக்கல.

பவானி: நான் செஞ்ச குண்டு. நான் கத்துனேன். அதுக்கு எதுக்கு நன்றி? வீட்டக் கொளுத்திட்டு தண்ணி ஊத்துனவளுக்கு நன்றி சொல்லுவியா?

கவிநேசன்: பவானி, தப்பு நடந்தது புதன்கெழம. நீ கத்துனது சனிக்கெழம. நான் சனிக்கெழமைக்குத்தான் வந்திருக்கேன்.

பவானி: அப்படியெல்லாம் பிரிக்க முடியாது.

கவிநேசன்: ஏன் முடியாது? அங்க பதினோரு பேரு நின்னாங்க. எல்லாருக்கும் காதுல சத்தத்த அடைக்கிற மஃப். சத்தம் பெருசா வந்தாத்தான் ஆளு திரும்பிப் பாப்பான். சின்னதா வந்தா எவனுக்குக் கேக்கும்? ஒனக்கு மட்டும் எப்படிக் கேட்டுச்சு?

பவானி: ...எண்ணிட்டிருந்தேன்.

கவிநேசன்: எத?

பவானி: ஒவ்வொரு சத்தத்தையும். நான் செஞ்ச மொதக் குண்டுங்க, எப்படிப் போகுதுன்னு. பரீச்ச எழுதுற புள்ளைங்கள வாசல்ல நின்னு பாக்குற மாதிரி. நாப்பது வரைக்கும் எல்லாம் நல்லா போச்சு. அடுத்தது ரொம்பச் சின்னதா கேட்டுச்சு... கத்திட்டேன்.

கவிநேசன்: பாத்தியா? அங்கிள் செஞ்ச குண்டா இருந்தா நீ எண்ணிட்டு நின்னிருப்பியா? மூலையில உக்காந்து மைலோ குடிச்சிட்டிருந்திருப்ப.

பவானி: அங்கிள் செஞ்சிருந்தா அது மருந்தோட இருந்திருக்கும்.

கவிநேசன்: அதுவும் சரிதான் லா...

பவானி: இன்னொண்ணும் இருக்கு. ஞாயித்துக்கெழம காலையிலயே அங்கிள் வீட்டுக்குப் போயி எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஸ்டோர் சாவியையும் குடுத்துட்டேன். எழுதியும் குடுத்திருக்கேன்.

கவிநேசன்: அதுவும் தெரியும்.

பவானி: எல்லாமே தெரிஞ்சா எதுக்கு என்னப் பேச விட்ட?

கவிநேசன்: நீதானே நடுவுல பேசாதன்ன?

பவானி: அடி வாங்குவ.

கவிநேசன்: சரி, நான் ஒண்ணு கேக்குறேன். அங்கிள்கிட்ட ஞாயித்துக்கெழமயே சொன்ன. என் மெசேஜுக்கு மட்டும் ஏன் மூணு நாளா பதில் இல்ல?

பவானி: அங்கிள்கிட்ட சொன்னா பெர்மிட் போகும். அவ்வளவுதான். ஒன்கிட்ட சொன்னா... நீ இனிமே என் பக்கத்துல நிக்க மாட்ட. நான் குடுக்குறத வாங்க மாட்ட. ஒரு போத்தல் தண்ணி குடுத்தாகூட மோந்து பாப்ப. அத நெனச்சு...

கவிநேசன்: தண்ணியெல்லாம் மோந்து பாக்க மாட்டேன். ஒங்கம்மா போடுற தேத்தண்ணிய வேணா பாப்பேன். அவங்க திட்டுன திட்டுக்கு...

கோமளா: நான் ஒண்ணும் கலக்கல தம்பி!

பவானி: அம்மா! ஒட்டுக் கேட்டியா?

கோமளா: கதவ லேசா சாத்துன்னு சொன்ன. லேசாத்தான் சாத்துனேன். தண்ணி கொதிச்சு அஞ்சு நிமிஷம் ஆச்சு. தம்பி, நான் அப்போ ஒரு திட்டு திட்டுனேன்ல...

கவிநேசன்: விடுங்க ஆன்ட்டி.

கோமளா: விட மாட்டேன். பின்வாசலுக்குப் போயி மூணு தடவ துப்பிட்டு வந்துட்டேன். அது செல்லாது. என்னத்தச் சொல்லி வளத்தாங்கன்னு கேட்டேன் பாருங்க... ஒண்ணு கூட வச்சுக் குடுன்னு சொல்லி வளத்தேன். நாந்தான். வேற யாரு?

பவானி: அம்மா, அது ஒன் தப்பு இல்ல.

கோமளா: தப்புன்னு சொல்லல. மொய்க்கு வைக்கிறதக் குண்டுக்கும் வைக்கலாமான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? இந்தாங்க தம்பி, இஞ்சி நெறையப் போட்டிருக்கேன். ரெண்டு பேருக்கும் சாயந்தரம் சுத்திப் போடணும். மொளகா இருக்கு. பவானி, நீயும் குடி. மூணு நாளா ஒழுங்கா பசியாறல.

பவானி: எனக்கு வேணாம்மா. கவி... நேத்து கமிட்டிக்கு ஒன்னையும் கூப்பிட்டாங்களா?

கவிநேசன்: கூப்பிட்டாங்க. அடிபட இருந்தவன் நான்தானே.

பவானி: அப்போ முடிவு ஒனக்குத் தெரியும்.

கவிநேசன்: ம்ம்.

பவானி: வந்ததுலேர்ந்து வாயில வச்சுக்கிட்டா உக்காந்திருக்க? சொல்லு லா!

கவிநேசன்: நன்றி சொல்லி முடிச்சுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். முன்னாடியே சொன்னா, முடிவுக்காகத்தான் வந்தேன்னு நெனப்ப. நானே நேர்ல சொல்லிக்கிறேன்னு சொன்னதாலதான் அங்கிளும் போன் பண்ணல.

பவானி: பெர்மிட் போச்சா?

கவிநேசன்: போச்சுன்னுதான் பாதிப் பேரு சொன்னாங்க. அங்கிள் நீ எழுதுனதப் படிச்சுக் காட்டுனாரு. யாரும் கேக்காம, தானா வந்து சொன்ன ஆள நிறுத்திட்டா, அடுத்தவன் எவனும் வந்து சொல்ல மாட்டான்னாரு. அப்புறம் ஒரு மணி நேரம் சண்ட. கடைசியில ஒரு கண்டிஷன் போட்டாங்க.

பவானி: என்ன கண்டிஷன்?

கவிநேசன்: ஐம்பதுன்னா ஐம்பது. கட்டையில நிக்காத கூட்டுல கை வைக்கக் கூடாது. அப்புறம், குண்டு வைக்கிறதுக்கு முன்னாடி இன்னொரு ஆளு கூடவே நின்னு, டார்ச் அடிச்சு ஐம்பதையும் பாத்து, புக்குல கையெழுத்துப் போடணும். ஒவ்வொரு தடவையும். அந்த ரெண்டாவது ஆளு இருந்தா நீ செய்யலாம். இல்லாட்டி இல்ல.

கோமளா: நல்ல கண்டிஷன்தானே? கருமாரி காப்பாத்திட்டா!

பவானி: இரும்மா. யாரு அந்த ரெண்டாவது ஆளு? அங்கிளா?

கவிநேசன்: அவருக்குக் கண்ணுல புரை. டார்ச் வெளிச்சத்துல ஒண்ணும் தெரியாதுன்னு அவரே சொல்லிட்டாரு.

பவானி: பின்ன?

கவிநேசன்: யாரு வர்றீங்கன்னு கேட்டாங்க. கமிட்டில ஏழு பேரு. ஒருத்தன் மேல ஃபேனப் பாக்குறான். ஒருத்தன் போனப் பாக்குறான். யாரும் கை தூக்கல.

பவானி: ...நியாயந்தானே? யாருக்குத் தைரியம் வரும்? சரி விடு. முடிஞ்சுது. சனிக்கெழம வந்து என் மேசையக் காலி பண்ணிடுறேன்.

கவிநேசன்: கமிட்டில யாரும் தூக்கலன்னுதான் சொன்னேன் பவானி. நான் கமிட்டி இல்லையே. கதவு ஓரமா ஸ்டூல்ல உக்காந்திருந்தேன்... இந்தக் கையத்தான் தூக்குனேன்.